சாதாரண ஆய்வகச் சுண்டெலிக்கு டெங்கு ஏற்றி நிலவேம்புக் குடிநீரைச் சோதிக்கலாமா?

கோணேசபுரி:
வணக்கம். திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம், இறுதி வருடம். ஆய்வு முன்மொழிவு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2017இல் இலங்கையில் 186,101 டெங்கு நோயாளர் பதிவானார்கள். எங்கள் மாவட்டத்தில் கிண்ணியாதான் மோசமாக அடிபட்டது. காய்ச்சல் என்றதும் இங்கே நிலவேம்புக் குடிநீர், பப்பாசி இலைச் சாறு என்று தொடங்கிவிடுகிறார்கள். அதை விலங்கில் முறையாகச் சோதிக்க விருப்பம்.

திட்டம் இதுதான். 24 சுவிஸ் வெள்ளைச் சுண்டெலிகள், நான்கு குழு. டெங்கு உறுதியான நோயாளியின் குருதி நீர்ப்பாயத்தை வயிற்றறைக்குள் ஏற்றுவது. அன்றிலிருந்தே 7 நாள் வாய்வழியாகக் குடிநீர். முடிவில் குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை. சுண்டெலிக்கு டெங்கு வருமா? எத்தனையாம் நாள் குருதி எடுக்க வேண்டும்? மனித அளவை எப்படிச் சுண்டெலிக்கு மாற்றுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

உவர்மலை:
தங்கச்சி, முதல் கேள்விக்குப் பதில்: வராது. ஏற்றிய மறுநாளும் அவை தீன் தின்றுகொண்டு ஓடித்திரியும். குடிநீர் குடித்த குழுவும் பச்சைத்தண்ணீர் குடித்த குழுவும் கடைசிவரை ஒரே மாதிரி இருக்கும். "குடிநீர் காப்பாற்றியது" என்று எழுதினால், வைரசு மட்டும் பெற்ற குழுவில் எத்தனை நோயுற்றன என்று பரீட்சகர் ஒரு கேள்வி கேட்பார். அதோடு முடிந்தது.

காரணம் இன்டர்ஃபெரோன். வைரசு கலத்துக்குள் புகுந்ததும் இன்டர்ஃபெரோன் சுரந்து, அதன் சமிக்ஞை ஸ்டாட்2 என்ற புரதத்தின் வழியாகக் கலத்தின் கருவுக்குப் போய், வைரசு எதிர்ப்புப் பரம்பரையலகுகளை எழுப்பும். மனிதக் கலத்தில் டெங்குவின் என்எஸ்5 புரதம் இந்த ஸ்டாட்2வைப் பிடித்துச் சிதைக்கிறது. சுண்டெலியின் ஸ்டாட்2 கொஞ்சம் வேறு. என்எஸ்5 அதில் ஒட்டாது. ஸ்டிங் என்ற இன்னொரு காவல் புரதத்தையும் வைரசின் புரதவெட்டி மனிதனில் வெட்டும், சுண்டெலியில் வெட்டாது. ஆக, சுண்டெலியின் தற்காப்பு முழுதாக இருக்கிறது. வைரசு பெருக முதலே அடங்கிவிடும்.

பிறந்து ஓரிரு நாளான குட்டிகளின் மூளைக்குள் நேரடியாக ஏற்றினால் வைரசு பெருகும், குட்டிகளுக்கு வாதம், அதாவது கைகால் முடக்கம், வரும். முன்பு வைரசைப் பிரித்தெடுக்க இந்த வழியைத்தான் பாவித்தார்கள். ஆனால் அது மூளை அழற்சி. உங்களுக்கு வேண்டியது குருதிக் கலனிலிருந்து திரவம் கசிகிற நோய். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

இன்று டெங்கு மருந்துச் சோதனைகளில் அதிகம் காணப்படுவது ஏஜி129 என்ற இனம். முதலாம், இரண்டாம் வகை இன்டர்ஃபெரோன் வாங்கிகள் இரண்டுமே நீக்கப்பட்ட சுண்டெலி. 1990களின் இறுதியிலிருந்து டெங்குவுக்குப் பாவனையில் இருக்கிறது. இதிலும் எந்த வைரசை ஏற்றினாலும் ஒரே நோய் வராது. நோயாளியிடமிருந்து எடுத்த பல வைரசுகள் இதில் பெருகும், ஆனால் பிந்தித்தான் கொல்லும், அதுவும் வாதத்தால். டி2எஸ்10 என்ற இரண்டாம் வகை டெங்கு வைரசை நுளம்புக் கலத்திலும் ஏஜி129இலும் மாறிமாறிப் பத்துத் தடவை வளர்த்து எடுத்தார்கள். உயர்ந்த அளவில் நாளம் வழியாக ஏற்றினால் வாதம் இல்லாமல், கலன் கசிவோடு, சில நாட்களிலேயே சாகும். மனிதனின் கடும் டெங்குவுக்குக் கிட்ட வருவது இதுதான். அதே வைரசைத் தாங்கக்கூடிய குறைந்த அளவில் கொடுத்து, கூடவே கொஞ்சம் டெங்கு பிறபொருளெதிரியும் ஏற்றினால் அதுவும் கொல்லும். இரண்டாம் தடவை டெங்கு வந்தவருக்கு ஆபத்து கூடுவதை 2010இல் சுண்டெலியில் காட்டியது இப்படித்தான்.

இனி உங்களுக்கென்று ஒரு சிக்கல். நிலவேம்பு "நிர்ப்பீடனத்தைத் தூண்டுகிறது" என்பதுதான் உங்கள் கருதுகோள் என்றால் ஏஜி129 அதற்கு ஆகாத விலங்கு. இன்டர்ஃபெரோன் பாதையையே வெட்டி எறிந்த பிறகு, அந்தப் பாதையை மருந்து தூண்டுகிறதா என்று எதில் பார்ப்பது? "வைரசின் பெருக்கத்தை நேரடியாகத் தடுக்கிறது" என்பது கருதுகோளாக இருந்தால் அது பொருந்தும். விலங்கைத் தேட முதல் இந்த ஒரு வரியைத் தீர்மானியுங்கோ.

நோயாளியின் குருதி நீர்ப்பாயம் வேண்டவே வேண்டாம். அதில் எத்தனை உயிர் வைரசு, டெங்கு வைரசின் நான்கு வகையில் எது என்று தெரியாது. காய்ச்சல் ஐந்தாம் நாள் எடுத்தது என்றால் வைரசைவிடப் பிறபொருளெதிரிதான் நிறைய இருக்கும். வேறு கிருமியும் கூட வரலாம். நுளம்புக் கலமான சி6/36இல் 28 பாகையில் வளர்த்து, தொற்றுத்திட்டு முறையில் (கலப்படலத்தில் வைரசு அழித்த திட்டுகளை எண்ணுவது) எண்ணி, 20 வீதம் கன்றுச் சீரம் சேர்த்துச் சிறு குப்பிகளாக −80 பாகையில் வைத்த இருப்புத்தான் பாவிக்க வேண்டும். ஒரு குப்பி, ஒரு தடவை. உருக்கி மறுபடி உறைய வைத்தால் எண்ணிக்கை விழும். நீங்கள் ஏற்றியதாக எழுதுவது ஒன்று, விலங்குக்குப் போனது இன்னொன்று. சாதாரண −20 பெட்டியை நம்ப வேண்டாம், அதுவும் கரண்ட் போய்ப்போய் வரும் இடத்தில்.

மூதூர்க் கரை:
கால்நடை வைத்தியப் பக்கத்திலிருந்து சிலது.

சிறுதட்டு எண்ணிக்கையில்தான் இப்படியான ஆய்வுகள் அதிகம் சறுக்குகின்றன. மனிதனுக்கு மைக்ரோலீட்டருக்கு 1.5 முதல் 4.5 இலட்சம். சுண்டெலிக்குச் சாதாரணமாகவே 10 இலட்சம் அளவில் இருக்கும். ஆகவே "ஒரு இலட்சத்துக்குக் கீழ்" என்ற வாட்டுக் கணக்கு அங்கே செல்லாது. அதைவிடப் பெரிய பிரச்சினை இயந்திரம். சுண்டெலியின் செங்குழியம் மனிதனுடையதில் பாதிப் பருமன்தான். ஆஸ்பத்திரி இயந்திரம் பருமனை வைத்துப் பிரிப்பதால், சிறு செங்குழியத்தையும் சிறுதட்டையும் குழப்பிக்கொள்ளும். விலங்குக்கான அமைப்பு உள்ள இயந்திரம் வேண்டும். இல்லாவிட்டால் அமோனியம் ஒட்சலேற்றில் ஐதாக்கி, எண்ணும் அறையில் கையால் எண்ண வேண்டும்.

குருதி எடுக்கும் விதமும் எண்ணிக்கையை மாற்றும். வால் நுனியை வெட்டிப் பிழிந்து எடுத்தால் குழாய்க்குள் போக முதலே நுண்கட்டிகள் உண்டாகும். இயந்திரம் அதைச் சிறுதட்டுக் குறைவு என்று காட்டும். தாடை நாளத்தில் ஒரே குத்தில் எடுத்து, குருதி உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் உடனே மெதுவாகப் புரட்டுங்கோ, குலுக்க வேண்டாம். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பூச்சுத் தட்டம் போட்டு ஓரத்தில் கட்டி இருக்கிறதா என்று பார்த்த பிறகே எண்ணை எழுதுங்கோ. 25 கிராம் சுண்டெலியில் மொத்தக் குருதி 2 மில்லிலீட்டர்கூட வராது. அதில் பத்தில் ஒன்றுக்கு மேல் இரண்டு கிழமைக்குள் எடுக்கக் கூடாது. அதாவது மொத்தமே 0.2க்குக் கிட்ட. தினமும் எடுப்பேன் என்றால், குருதியிழப்பே உங்கள் முடிவை மாற்றும்.

பப்பாசி பற்றி: சைக்ளோபொஸ்பமைட் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்துச் சிறுதட்டைக் குறைத்த எலியில் பப்பாசிச் சாறு எண்ணிக்கையைக் கூட்டினால், அது எலும்பு மச்சை மீள்வதைப் பற்றிய செய்தி. அங்கே வைரசே இல்லை. டெங்குவில் எண்ணிக்கை தானாகவும் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். காய்ச்சல் விட்டு, ஆபத்தான 24 முதல் 48 மணித்தியாலம் தாண்டியதும் நோயாளிக்கு ஏறத் தொடங்கும், எதைக் குடித்தாலும் குடிக்காவிட்டாலும்.

விலங்கறை 20 முதல் 26 பாகைக்குள், ஈரப்பதன் 30 முதல் 70 வீதத்துக்குள் இருக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் குளிரூட்டி இரண்டு மணித்தியாலம் நின்றாலே அறை 30ஐத் தாண்டும். சுண்டெலி தீன் குறைக்கும், நிறை விழும். நோயால் விழுந்ததா சூட்டால் விழுந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஆகக்கூடிய, ஆகக்குறைந்த வெப்பநிலை இரண்டையும் பதியும் வெப்பமானி ஒன்று கூடுகளின் மட்டத்தில் இருக்கட்டும், கூரைக்குக் கிட்ட அல்ல. கூடுகளை அடுக்கும்போது முழுக் குழுவையும் ஒரே தட்டில் வைக்காதீங்கோ. மேல் தட்டு எப்போதும் சூடும் வெளிச்சமும் கூட. படுக்கைக்கு ஆலையிலிருந்து வந்த மரத்தூள் வேண்டாம். நீராவியில் கிருமி நீக்கிய உமி போதும்.

எத்தனை விலங்கு என்பதற்குக் காரணம் எழுதாமல் 24 என்று மட்டும் போட்டால் நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பும். அதோடு, நிறை 20 வீதம் குறைந்தால் அந்த விலங்கைக் கருணையாக முடித்துவிடுவோம் என்ற வரியும் இருக்க வேண்டும். சாகும்வரை பார்த்துக்கொண்டிருப்பது இப்போது ஏற்றுக்கொள்ளப்படும் அளவீடு அல்ல.

கோணேசபுரி:
மிக்க நன்றி. எல்லாம் தலைகீழாகிவிட்டது, ஆனால் இப்போதே தெரிந்தது நல்லது. ஏஜி129 இங்கே கிடைக்காது. அப்படியானால் சிக்குன்குனியாவுக்கு மாறலாமா? 2006இல் கிழக்கிலும் பரவியதுதானே. இல்லை குரங்கில் செய்த ஆய்வுகளை வைத்து எழுதலாமா? குரங்கு மனிதனுக்கு நெருக்கம் என்பதால் அதுதான் சிறந்த மாதிரி என்று ஒரு விரிவுரையில் சொன்னார்கள்.

பாலையூற்று:
சிக்குன்குனியா நல்ல யோசனை, இடம்தான் பொருந்தாது. சாதாரண சி57 கறுப்புச் சுண்டெலியிலேயே அது வேலை செய்யும். பாதத்தின் அடியில், கணுக்கால் பக்கமாக, தோலுக்குக் கீழே 10 முதல் 20 மைக்ரோலீட்டர் வைரசு ஏற்றி, வேர்னியர் இடுக்கிமானியால் பாதத்தின் உயரத்தையும் அகலத்தையும் தினமும் அளந்து பெருக்குவார்கள். வீக்கம் இரண்டு தடவை ஏறும்: 2, 3ஆம் நாளில் சிறிதாக, 6, 7ஆம் நாளில் பெரிதாக. முதல் வீக்கம் வைரசு பெருகும் காலத்தோடு வருவது. இரண்டாவதை உண்டாக்குவது பெரும்பாலும் விலங்கின் சொந்த டி கலங்கள். ஆகவே ஒரு மருந்து ஏழாம் நாள் வீக்கத்தைக் குறைத்தால் அது வைரசைக் கொன்றது என்று அர்த்தமில்லை. வெறும் அழற்சி குறைந்திருக்கலாம், வைரசு கூடியும் இருக்கலாம். குருதியில் வைரசின் அளவை 2ஆம் நாளிலாவது தனியாக எண்ணாத வீக்கக் கணக்கை நான் ஏற்க மாட்டேன். ஆனால் பல நாட்டு வழிகாட்டிகள் இந்த வைரசுக்கு மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்புக் கூடத்தைக் கேட்கின்றன. பட்டப்படிப்பு மாணவிக்கு அது கைகூடாது.

குரங்கு விடயம்: நெருக்கம் என்பதும் சிறந்த மாதிரி என்பதும் ஒன்றல்ல. ரீசஸ் குரங்குக்கு டெங்கு ஏற்றினால் சில நாள் குருதியில் வைரசு இருக்கும், பிறபொருளெதிரி வரும், ஆனால் குரங்குக்கு நோய் என்று சொல்ல ஒன்றும் இராது. எங்கள் நாட்டுக் குரங்கும் இதை இயற்கையாகவே காட்டியிருக்கிறது. பொலன்னறுவைக் குரங்குக் கூட்டங்களில் டெங்கு பரவியதற்கான குருதிச் சான்று 1999இல் வெளியானது. நோய் எப்படி முற்றுகிறது என்று குரங்கில் படிக்க முடியாது. தடுப்பூசிக்குப் பிறபொருளெதிரி எழும்புகிறதா என்று பார்க்கலாம். அதிலும் எல்லை உண்டு. டெங்வாக்ஸியா என்ற டெங்குத் தடுப்பூசி பிறபொருளெதிரியைக் குரங்கிலும் எழுப்பியது, மனிதனிலும் எழுப்பியது. ஆனால் முன்பு டெங்கு வராத பிள்ளைகளுக்கு, ஊசி போட்ட பிறகு டெங்கு வந்தால் கடுமையாகும் ஆபத்து கூட என்று 2017 நவம்பரில் தயாரித்த நிறுவனமே அறிவிக்க வேண்டி வந்தது.

குரங்கால் கெட்டதற்குப் பழைய உதாரணம் போலியோ. ரீசஸ் குரங்குக்கு வாய்வழியாகப் போலியோ தொற்றாது, மூக்குவழியாகத் தொற்றும். அதைப் பார்த்து, மனிதனுக்கும் மூக்கு வழியாகவே நரம்புக்குப் போகிறது என்று முடிவு கட்டினார்கள். 1937இல் ரொறன்ரோவில் பிள்ளைகளின் மூக்குக்குள் நாகச் சல்பேற்று விசிறினார்கள். போலியோவும் குறையவில்லை, சிலருக்கு மணம் தெரியாமலும் போனது. 1941இல் இறந்தவர்களின் உடலைச் சோதித்தபோது வைரசு இருந்தது குடலில். விலங்கும் ஒரு குறிப்பிட்ட இனம், அதற்குள் பாவித்த வைரசும் குரங்கின் நரம்பிலேயே வளர்த்து வளர்த்துப் பழக்கிய வகை. இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பிழையை உண்டாக்கின.

உவர்மலை:
பாலையூற்று சொன்னதோடு ஒன்று. உங்கள் திட்டத்தில் வைரசு ஏற்றிய அன்றே மருந்து தொடங்குகிறது. இந்தத் துறையில் மருந்துகள் விழுந்த குழி அதுதான். செல்கோசிவிர் என்ற மருந்து டெங்கு ஏற்றிய சுண்டெலியில் நன்றாக வேலை செய்தது. சிங்கப்பூரில் 50 நோயாளரில் செய்த சோதனை 2014இல் வெளியானது. வைரசும் கணிசமாகக் குறையவில்லை, காய்ச்சலும் குறையவில்லை. மருந்தின் அளவு, கொடுத்த இடைவெளி என்று பல காரணம் பேசப்படுகிறது. ஆனால் அடிப்படை ஒன்று: மனிதன் ஆஸ்பத்திரிக்கு வருவது காய்ச்சல் தொடங்கிய பிறகு. அப்போது குருதியில் வைரசு உச்சத்தில் இருக்கும், அல்லது இறங்கத் தொடங்கியிருக்கும். சுண்டெலிக்கு உச்சம் வர முதலே மருந்து போய்விடுகிறது. யார் எந்த விலங்கில் செய்தாலும், ஒரு குழுவுக்காவது 24 அல்லது 48 மணித்தியாலம் பிந்தி மருந்து தொடங்க வேண்டும். கட்டுரை வாசிக்கும்போதும் முறைகள் பகுதியில் முதலில் அந்த மணித்தியாலத்தைத் தேடுங்கோ.

குடிநீர்ச் சூரணம்:
சித்த மருத்துவப் பக்கம் யாரும் வரவில்லை, நான் சொல்கிறேன்.

பிள்ளை, எங்கள் துறையில் வழமையாக நடப்பது ஈஸ்ட் காய்ச்சல். எலிக்குப் பிடரியின் கீழே 20 வீத ஈஸ்ட் கரைசலை கிலோவுக்கு 10 மில்லிலீட்டர் கணக்கில் தோலுக்குக் கீழ் ஏற்றி, 18 மணித்தியாலத்தின் பின் மலவாசல் வெப்பநிலை பார்த்து, ஏறியவற்றை மட்டும் எடுத்து மருந்து கொடுப்பார்கள். செய்யலாம், வசதியும் போதும். ஆனால் அதில் வரும் முடிவு "காய்ச்சல் தணிக்கும்" என்பது மட்டும்தான். பரசிற்றமோலும் அதையே செய்யும். அது டெங்கு வைரசை ஒன்றும் செய்யாது. ஈஸ்ட் எலியை வைத்துத் தலைப்பில் டெங்கு என்று எழுதினால் அது பொய்த் தலைப்பு. செய்வதானால் ஒரு எச்சரிக்கை: எலியைக் கையில் பிடித்தாலே வெப்பநிலை ஏறும். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே வெப்பமானி செருகிப் பழக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரே ஆழத்துக்கு.

அளவு மாற்றம்: கிலோவுக்குக் கிலோ நேராகப் பெருக்கக் கூடாது, உடல் மேற்பரப்பின் கணக்கு. மனிதனின் கிலோ அளவைச் சுண்டெலிக்கு 12.3ஆலும் எலிக்கு 6.2ஆலும் பெருக்குங்கோ. முதலில் குடிநீரை வடித்து, உறைய வைத்து உலர்த்தி, திண்மம் எவ்வளவு என்று நிறுக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு நாளைய 120 மில்லிலீட்டரில் 2 கிராம் திண்மம் வந்தது என்று வைப்போம். 60 கிலோ மனிதனுக்குக் கிலோவுக்கு 33.3 மில்லிகிராம். சுண்டெலிக்குக் கிலோவுக்கு 410. 25 கிராம் சுண்டெலிக்கு 10 மில்லிகிராம் சொச்சம், அதை 0.25 மில்லிலீட்டருக்குள் கரைத்துக் குழாயால் இரைப்பைக்குள். எலிக்குக் கிலோவுக்கு 207. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் "சுண்டெலிக்குக் கிலோவுக்கு 2 கிராம் கொடுத்தோம், பலன் இருந்தது" என்கிற கட்டுரைகள் உண்டு. அந்த அளவை மனிதனுக்கு மாற்றினால் நாளுக்கு ஏறத்தாழ 10 கிராம் உலர் சாறு. யார் குடிப்பது?

என் கருத்தில் உங்கள் தகுதிக்கும் காலத்துக்கும் விலங்கே தேவையில்லை. கலவளர்ப்பில் செய்யுங்கோ, டெங்கு வேலை நடக்கும் கூடம் ஒன்றோடு சேர்ந்து. குடிநீரின் ஒன்பது சரக்கையும், நிலவேம்பைத் தனியாகவும், இரண்டு சாறாகத் தயாரியுங்கோ. மூன்று விதமாகச் சேர்க்க வேண்டும்: வைரசோடு முன்கூட்டியே கலந்து, வைரசு ஒட்டும் அந்த ஒரு மணித்தியாலத்தில், ஒட்டிக் கழுவிய பிறகு. முதலாவதில் மட்டும் பலன் வந்தால் கொண்டாட வேண்டாம். தாவரத் துவர்ப்பு எந்த வைரசின் மேலுறையிலும் ஒட்டிப் புரதத்தைத் திரைய வைக்கும்; தேயிலைச் சாயமும் அதைச் செய்யும். வயிற்றுக்குள் போய்க் குருதிக்கு வருவதற்குள் அது இராது. கழுவிய பிறகு சேர்த்ததிலும் தொற்றுத்திட்டு குறைந்தால்தான் கதை உண்டு.

கலத்துக்கு நச்சா என்று எம்டிடி சோதனையில் பார்ப்பீர்கள். உயிருள்ள கலம் எம்டிடி சாயத்தை ஊதாவாக்கும் என்பதுதான் அதன் அடிப்படை. நிலவேம்பு, சுக்கு, மிளகு எல்லாம் சேர்ந்த சாறு எம்டிடி சாயத்தைக் கலமே இல்லாமல் ஊதாவாக்கும். செத்த கலமும் உயிரோடு இருப்பதாகக் காட்டும். கலம் இல்லாத குழிகளில் சாறும் எம்டிடியும் மட்டும் போட்டு ஒரு வரிசை கட்டாயம் வையுங்கோ.

உவர்மலை:
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ: கலவளர்ப்பில் வழமையாகப் பாவிக்கும் வீரோ என்ற குரங்குச் சிறுநீரகக் கலம் முதலாம் வகை இன்டர்ஃபெரோனைச் சுரக்காது. ஏஜி129க்குச் சொன்ன அதே குறை. தொற்றுத்திட்டு எண்ண வீரோ நல்லது. நிர்ப்பீடனம் பற்றிய கேள்விக்கு ஏ549 போன்ற, இன்டர்ஃபெரோன் சுரக்கும் மனிதக் கலம் வேண்டும்.

கோணேசபுரி:
தலைப்பை "நிலவேம்புக் குடிநீர்ச் சாறு, டெங்கு இரண்டாம் வகை வைரசு, கலவளர்ப்பில் சேர்க்கும் நேரத்தைப் பொறுத்த விளைவு" என்று மாற்றுகிறேன். விலங்கு இல்லை. கடைசியாக ஒன்று: சாற்றை இங்கே தயாரித்துக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். திரவமாகவா, தூளாகவா?

குடிநீர்ச் சூரணம்:
தூளாக. திரவம் ஆறேழு மணித்தியாலப் பஸ் சூட்டில் புளித்துவிடும். ஒரே நாளில் ஒரே தொகுதியாகக் காய்ச்சி, முழு ஆய்வுக்கும் போதுமான தூளை எடுத்து, 50 மில்லிகிராம் படி இறுக்கி மூடிய குப்பிகளில், சிலிக்கா மணிகளோடு. சரக்கு எந்தக் கடையில், எந்தத் திகதியில் வாங்கியது என்று எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு பிடியைத் தனியாக எடுத்து வையுங்கோ. நிலவேம்பு என்று வேறு இலையைக் கலந்து விற்பதும் உண்டு, தாவரவியல் பகுதியில் காட்டி உறுதி எடுங்கோ. அங்கே போய்க் கரைத்ததும் முதலில் சுழற்றித் தெளிய வைத்து, பிறகுதான் 0.22 மைக்ரோன் வடி. நேரே வடித்தால் இரண்டு மில்லிலீட்டரில் வடி அடைத்துவிடும். வடித்த பின் திண்மத்தை மறுபடி நிறுத்து அந்த எண்ணைத்தான் செறிவாக எழுத வேண்டும், தூள் நிறுத்த எண்ணை அல்ல.